ட்யூப் ஆம்ப் விசில் அடிக்குது, அடுத்து எந்த பார்ட்டை மாத்தணும்?

நீங்க எழுதினதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது இது, தப்பா இருந்தா திருத்துங்க. 40 வாட் கிட்டார் காம்போ ஆம்ப் (ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள்ள), பவர் பக்கம் ரெண்டு 6எல்6 ட்யூப், முன்னாடி ஆறு சின்ன ட்யூப், ஸ்ப்ரிங் ரிவெர்ப் (ஸ்ப்ரிங் வழியா எதிரொலி சேர்க்கறது) இருக்கு. வால்யூம் 6 தாண்டினா மெல்லிசா ஒரு விசில் ஆரம்பிக்குது, 7, 8-ல காது கிழியுது, ஆனா முழுசா 10-க்கு திருப்பினா கொஞ்சம் அடங்குது, ட்ரெபிள் நாபை திருப்பினா விசிலோட சுருதி மாறுது. எட்டு ட்யூபையும் புதுசா போட்டாச்சு, ஒண்ணும் நடக்கல. கடைசி வரியில போற போக்குல "போன மாசம் இன்புட் ஜாக் உடைஞ்சுது, நானே மாத்தினேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது"ன்னு வேற போட்டிருக்கீங்க. கேள்வி, அடுத்து எந்த பார்ட்டை மாத்தணும்?

எதையும் மாத்தாதீங்க, இப்போதைக்கு. கேள்வியே கொஞ்சம் திசை மாறி நிக்குது, அதான் எட்டு ட்யூப் வாங்கியும் விசில் அப்படியே இருக்கு. ஒரு பார்ட் செத்துப்போனா சத்தம் வராது, இல்ல கரகரன்னு வரும், ஹம் வரும், ஃப்யூஸ் போகும். கூவல் அந்த ஜாதி இல்ல. வெளிய வர்ற சிக்னல் எப்படியோ சுத்தி வந்து உள்ள நுழையிற இடத்துக்கே திரும்ப போகுது, போனது மறுபடி பெருசாகி வெளிய வருது, திரும்பவும் உள்ள போகுது. ஒரு சுத்து முடிச்சு வரும்போது கிளம்பின அளவுக்கு குறையாம, அதே ஃபேஸ்ல, அதாவது அலையோட ஏத்த இறக்கம் ஒத்துப்போற மாதிரி, வந்து சேர்ந்துட்டா போதும், யாரும் எதுவும் வாசிக்காமலேயே ஆம்ப் தானா பாட ஆரம்பிச்சிடும். உள்ள இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் நல்லா இருந்தாலும் இது நடக்கும். அதனால தேட வேண்டியது கெட்டுப்போன சாமானை இல்ல, அந்த சுத்து எந்த வழியா போகுதுங்கிறதை. அது ஒரு வட்டம், எந்த இடத்துல வெட்டினாலும் கூவல் நின்னுடும், ஸோ ஒவ்வொரு இடமா வெட்டி வெட்டி பாக்கறதுதான் வேலையே.

இதை நான் புத்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கல. ஆம்ப் ரிப்பேர் ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஆம்ப்புக்கு கப்ளிங் கெப்பாசிட்டர், ப்ளேட் ரெசிஸ்டர்னு ஒண்ணு விடாம மாத்தி, மூணு நாள் உக்காந்து, கடைசியில பாத்தா இன்புட் ஜாக்கோட நட்டு லூஸ். கையால ஒரு திருப்பு திருப்பினேன், நின்னுடுச்சு. அந்த மாதிரி ஜாக்குல எர்த் போறதே நட்டு வழியா சேசிஸுக்குத்தான் (எல்லா பார்ட்டும் மாட்டியிருக்கிற உலோகச் சட்டம்), நட்டு லூஸ்னா எர்த் இல்ல, எர்த் இல்லாத இன்புட் ஒரு ஆன்டெனா. அதுல இருந்து எந்த ஆம்ப் வந்தாலும் முதல் வேலை நட்டு டைட்டா இருக்கான்னு பாக்கறது. நீங்களும் முதல்ல அதைப் பண்ணுங்க, அதுவும் நீங்களே மாத்தின ஜாக்.

சேசிஸை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இதை படிக்காம கீழ போகாதீங்க. 6எல்6 ரெண்டு இருக்கிற ஆம்ப்ல உள்ள 400 வோல்ட் டிசி, சிலதுல அதுக்கும் மேல ஓடும். ப்ளக்கை புடுங்கினதுக்கு அப்புறமும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல அது நின்னுட்டு இருக்கும், எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது, பழைய ஆம்ப் நிறையத்துல அதை வடிச்சு விடற ரெசிஸ்டரே கிடையாது. ஒரு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் பண்ணின க்ளிப்புல மாட்டி, ஒரு முனை சேசிஸ், இன்னொரு முனை ஃபில்டர் கெப்பாசிட்டரோட பிளஸ், கொஞ்ச நேரம் வெச்சு, அப்புறம் மல்டிமீட்டர்ல அளந்து 10 வோல்ட்டுக்கு கீழ வந்துடுச்சான்னு பாத்துட்டு கை வைங்க. ஸ்க்ரூடிரைவரை குறுக்க வெச்சு டப்புனு ஷார்ட் பண்றவங்க இருக்காங்க, நீங்க வேண்டாம். ஆன்ல இருக்கும்போது உள்ள எதையாவது தொடணும்னா ஒரு கை பின்னாடி இருக்கட்டும், இன்னொரு கையில காய்ஞ்ச மூங்கில் குச்சி. பென்சில் வேண்டாம், உள்ள இருக்கிற கிராஃபைட் கரண்ட் கடத்தும். இதுல எதுவும் பழக்கம் இல்லைன்னா சேசிஸை திறக்காம பண்ற டெஸ்ட்டோட நிறுத்திக்கோங்க, அதுலயே பாதி வழி தெரிஞ்சிடும்.

முதல் வெட்டு கிட்டார். கேபிளை ஆம்ப் பக்கம் கழட்டிடுங்க, வால்யூமை 8-ல விடுங்க. விசில் நின்னுடுச்சுன்னா சுத்து கிட்டார் வழியாவோ கேபிள் வழியாவோ போகுது: ஸ்பீக்கர் சத்தம் காத்துல போய் பிக்கப்பை (கம்பி அதிர்வை சிக்னலாக்கற காயில்) ஆட்டுது, பிக்கப் ஆம்ப்புக்கு குடுக்குது. இதுலயும் ரெண்டு வகை. கம்பி அதிர்ந்து நோட் நீண்டு பாடறது ஒண்ணு, அதை வேணும்னே வரவழைக்கிறவங்கதான் அதிகம், கையால கம்பியை அமுக்கினா நின்னுடும். கம்பியை அமுக்கியும் கீச்சுன்னு கத்துதுன்னா பிக்கப் காயில் சுத்து லூஸா இருந்து அதுவே மைக் மாதிரி வேலை செய்யுது. பிக்கப்புக்கு மேல குனிஞ்சு பேசி பாருங்க, உங்க குரல் ஸ்பீக்கர்ல கேட்டா அதேதான். அதுக்கு மெழுகுல முக்கி எடுக்கணும், பாரஃபின்ல கொஞ்சம் தேன்மெழுகு கலந்து 65 டிகிரி பக்கம் வெச்சு, சூடு ஏறினா பாபின் பிளாஸ்டிக் வளைஞ்சிடும், அது தனி கதை. கேபிளை கழட்டியும் விசில் இருக்குன்னா கிட்டாரை மறந்துடலாம். நீங்க இதை பண்ணினீங்களான்னு எழுதலை. நிறைய ஆம்ப்ல கேபிள் இல்லாதப்போ ஜாக்கே இன்புட்டை எர்த்தோட சேத்துடும், அதுக்கு உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் காண்டாக்ட் இருக்கும், அது அழுக்கா இருந்தாலோ புது ஜாக் போடும்போது அந்த காலுக்கு வயர் குடுக்கலைன்னாலோ இந்த டெஸ்ட் பொய் சொல்லும். ஸோ கேபிளை கழட்டி ஒரு தடவை, கிட்டாரை மாட்டி கிட்டார் வால்யூமை ஜீரோல வெச்சு ஒரு தடவை, ரெண்டும் பாத்துடுங்க.

ரெண்டாவது வெட்டு ஸ்பீக்கர். காம்போ ஆம்ப்ல ட்யூப் எல்லாம் ஸ்பீக்கருக்கு பக்கத்துலயே உக்காந்து குலுங்குது, அதனால ஸ்பீக்கர்ல இருந்து ட்யூபுக்கு காத்து வழியா, மரம் வழியா ஒரு சுத்து வர்றது சகஜம். ஸ்பீக்கரை கழட்டிட்டு, அதே ஓம்ஸ் உள்ள வேற ஸ்பீக்கர் பெட்டியை நீள கேபிள்ல அடுத்த ரூமுக்கு கொண்டுபோய் வெச்சு பாருங்க (ஸ்பீக்கர் கேபிள், கிட்டார் கேபிள் இல்ல). விசில் போயிடுச்சுன்னா சுத்து காத்துல இருக்கு. ஸ்பீக்கர் எங்க இருந்தாலும் அதே விசில்னா சுத்து முழுக்க சேசிஸுக்குள்ள, கரண்ட்லயே நடக்குது. தேடல் இதுலயே ரெண்டா பிரிஞ்சிடுது, அதனால நான் இதை விடவே மாட்டேன். தயவுசெஞ்சு ஸ்பீக்கரே மாட்டாம ஆம்ப்பை ஓட விடாதீங்க, லோட் இல்லாம சிக்னல் போனா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரியில வோல்டேஜ் எகிறி ட்யூப் சாக்கெட்ல பொறி அடிக்கும், ட்ரான்ஸ்ஃபார்மரே போகலாம். ஸ்பீக்கருக்கு பதிலா 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் மாட்டி அதோட முனையில ஏசி வோல்ட் அளக்கறதும் உண்டு, ஆனா சாதாரண மல்டிமீட்டர் விசில் அளவு ஃப்ரீக்வென்சியில சரியான நம்பர் காட்டாது, ஏதோ இருக்கா இல்லையான்னு பாக்க மட்டும் போதும். ஸ்கோப் (அலையை திரையில வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப்) இருந்தா பிரச்சனையே இல்ல.

காத்து வழியா வர்ற சுத்துல முக்கால்வாசி மைக்ரோஃபோனிக் ட்யூப், அதாவது குலுங்கினா மைக் மாதிரி சத்தம் எடுக்கிற ட்யூப். உள்ள கிரிட்டுங்கிறது (சிக்னல் உள்ள நுழையிற முனை) முடி மாதிரி மெல்லிசான கம்பி சுத்து, அது அசைஞ்சா ப்ளேட் (பெருசான சிக்னல் வெளிய வர்ற முனை) கரண்ட் மாறும், அது சிக்னலாயிடும். முதல் ட்யூபுக்கு பின்னாடிதான் மொத்த கெய்னும் (பெருக்கமும்) இருக்கு, அதனால வி1-ல, அதாவது அந்த முதல் ட்யூப்ல, நடக்கிற துளி அசைவு ஸ்பீக்கர்ல பூதமா கேக்கும். வால்யூமை விசிலுக்கு கொஞ்சம் கீழ வெச்சு, பென்சிலோட ரப்பர் முனையால ஒவ்வொரு சின்ன ட்யூபையும் மெதுவா தட்டுங்க (இது வெளியில கண்ணாடி மேல தட்டறது, இங்க பென்சில் ஓகே). இதுல எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க. வி1-ஐ தட்டினா நல்ல ட்யூபும் டொக்குன்னு கேக்கத்தான் கேக்கும், அதை வெச்சு ட்யூப் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. தட்டினதுக்கு அப்புறம் மணி அடிச்ச மாதிரி "ங்ங்ங்"ன்னு நீண்டு நின்னாலோ, அதுவே வளர்ந்து கூவலா மாறினாலோதான் அது குத்தவாளி. புது ட்யூப்னா மைக்ரோஃபோனிக் இருக்காதுன்னும் கிடையாது, பெட்டியில இருந்து எடுத்த உடனே மணி அடிச்ச 12ஏஎக்ஸ்7 (சின்ன ட்யூப்ல ஒரு வகை) நான் நிறைய பாத்திருக்கேன். அப்படி சந்தேகம்னா புதுசு வாங்காம, வி1-ஐயும் ஃபேஸ் இன்வெர்டர் ட்யூபையும் (சிக்னலை ரெண்டா பிரிச்சு பவர் ட்யூபுக்கு குடுக்கிற கடைசி சின்ன ட்யூப்) ஒரே நம்பரா இருந்தா இடம் மாத்தி போட்டு பாருங்க. ஃபேஸ் இன்வெர்டருக்கு அப்புறம் பவர் ட்யூப் மட்டும்தான் மிச்சம், அங்க போன மைக்ரோஃபோனிக் ட்யூப் பெரும்பாலும் சத்தமே காட்டாது. உங்க ஆம்ப்ல ஃபேஸ் இன்வெர்டர் 12ஏடி7-ஆ இருந்தா வேற 12ஏஎக்ஸ்7 இருக்கிற இடத்தோட மாத்துங்க.

ஆனா உங்க விசில் மைக்ரோஃபோனிக்னு எனக்கு தோணல. மைக்ரோஃபோனிக் கூவல் மெதுவா எழும்பும், ட்யூபோட உலோக பாகங்கள் எந்த சுருதியில அதிருமோ அந்த சுருதியிலயே பெரும்பாலும் நிக்கும், வால்யூம் ஏத்த ஏத்த மோசமாத்தான் ஆகும். உங்களுக்கு ட்ரெபிளை தொட்டா சுருதி மாறுது, 10-ல அடங்குது. இந்த ரெண்டும் கரண்ட் வழி சுத்தோட லட்சணம். சுருதி மாறறதை மட்டும் வெச்சு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், சில சமயம் ஏமாத்தும். 10-ல அடங்குறது அப்படி இல்ல, அதுக்கு கணக்கு இருக்கு, சொல்றேன்.

வால்யூம் நாபுங்கிறது பெரும்பாலும் 1 மெகா ஓம் பாட் (திருப்பினா ரெசிஸ்டன்ஸ் மாறற பார்ட்). பாட் நடுவுல இருக்கும்போது, அதாவது ரெசிஸ்டன்ஸ் சரிபாதியா பிரியற இடத்துல, அடுத்த ட்யூபோட கிரிட் பாக்கிற இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு இருக்கிற தடை) 250 கிலோ ஓம். முழுசா திருப்பிட்டா மேல் பக்க ரெசிஸ்டன்ஸே இல்லாம போய் முந்தின ஸ்டேஜோட (சிக்னலை ஒரு தடவை பெருக்கற பகுதி) நேரா சேந்துடும், இம்பீடன்ஸ் மடமடன்னு இறங்கிடும். இம்பீடன்ஸ் ஜாஸ்தியா இருக்கிற வயர் பக்கத்துல போற எதையும் உறிஞ்சும். ஆடியோ டேப்பர் பாட்ல (காதுக்கு ஏத்த மாதிரி முதல்ல மெதுவா ஏறற வகை) இந்த சரிபாதி இடம் நாபுல 5-ல வராது, 7, 8 பக்கம்தான் வரும். நீங்க எழுதின நம்பரை பாருங்க. 7, 8-ல கத்தி 10-ல அடங்கற விசில் எங்கிட்ட வந்தா நான் வயர் எங்கெங்க போகுதுன்னுதான் முதல்ல பாப்பேன், ட்யூபை இல்ல.

வயர் சும்மா பக்கத்துல போறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு கேக்கலாம். ரெண்டு வயர் நடுவுல 1 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் வர்றதுக்கு ஒண்ணும் மெனக்கெட வேண்டாம், கொஞ்ச தூரம் ஒட்டி ஓடினா போதும். 10 கிலோஹெர்ட்ஸ்ல 1 பைக்கோஃபாரட்னா கிட்டத்தட்ட 16 மெகா ஓம் ரெசிஸ்டர் மாட்டின மாதிரி. கிரிட் பக்கம் 50 கிலோ ஓம்னு வெச்சாலும் முந்நூத்துல ஒரு பங்கு சிக்னல் திரும்பி வந்துடும். சரி, முந்நூத்துல ஒண்ணுதானேன்னா, ஒரு 12ஏஎக்ஸ்7 ஸ்டேஜ் சுமார் 50 மடங்கு பெருக்கும், ரெண்டு ஸ்டேஜ்னா 2500. நடுவுல டோன் கண்ட்ரோல் கொஞ்சம் சாப்பிட்டாலும் மிச்சம் இருக்கிறது கூவறதுக்கு தாராளம். இதுல இன்னொரு சூட்சுமம், ஒரு ஸ்டேஜ் சிக்னலை தலைகீழா திருப்பும், ரெண்டாவது ஸ்டேஜ் அதை மறுபடி நேராக்கும். அதனால ஒரு ட்யூபோட ப்ளேட் வயர் அதே ஸ்டேஜோட கிரிட் வயர் பக்கத்துல போனா கூவாது, ட்ரெபிள் குறையும், அவ்வளவுதான். ரெண்டாவது ஸ்டேஜ் ப்ளேட் வயர் முதல் ஸ்டேஜ் கிரிட்கிட்ட போச்சோ, ஃபேஸ் அப்படியே பொருந்தி விசில். ரொம்ப உச்ச ஃப்ரீக்வென்சியில ஃபேஸ் அங்கங்க நழுவும், இந்த விதி அங்க அவ்வளவு சுத்தமா நிக்காது, ஆனா காதுல கேக்கிற விசிலுக்கு இதை நம்பி தேடலாம்.

இப்போ உங்க இன்புட் ஜாக்குக்கு வர்றேன். சம்பந்தம் இருக்காதுன்னு எழுதினீங்களே, என் சந்தேகம் மொத்தமும் அங்கதான். ஜாக்குல இருந்து வி1 கிரிட்டுக்கு போற வயர்தான் ஆம்ப்லயே ரொம்ப தொட்டாச்சிணுங்கி. சில ஆம்ப்ல அது ஷீல்டு வயரா (மேல உலோக வலை சுத்தினது) இருக்கும், சிலதுல சாதா வயரே சேசிஸ் மூலையை ஒட்டி போகும், எதுவா இருந்தாலும் முதல்ல செஞ்சவங்க யோசிச்சுதான் அந்த வழியா விட்டிருப்பாங்க. ஜாக் மாத்தும்போது நடக்கிறது என்னன்னா, ஷீல்டு வயரை வெட்டிட்டு கையில கிடைச்ச சாதா வயர் போட்டிருப்போம், இல்ல ஷீல்டோட எர்த் முனையை சால்டர் பண்ண மறந்திருப்போம், இல்ல புது வயர் கொஞ்சம் நீளமா போய் சுருண்டு வால்யூம் பாட் பக்கமோ ப்ளேட் வயர் மேலயோ படுத்திருக்கும். இன்னொண்ணு, ஜாக்குல ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்திருக்கும், ரெண்டு ஜாக்னா ரெண்டு. பாக்க அநாவசியமா தெரியும், சிலபேர் அதை தூக்கிட்டு நேரா வயர் குடுத்துடுவாங்க. அது கிரிட் ஸ்டாப்பர். ட்யூபுக்குள்ள இயல்பாவே இருக்கிற கெப்பாசிட்டன்ஸோட சேந்து, காதுக்கு மேல இருக்கிற ஃப்ரீக்வென்சியை அங்கயே வெட்டி விடற வேலை அதுக்கு. அதை எடுத்தீங்களான்னு பாருங்க, எடுத்திருந்தா திரும்ப போடுங்க, முடிஞ்சா ஜாக்குல போடாம ட்யூப் சாக்கெட் காலோட ஒட்டி, ரெசிஸ்டருக்கும் காலுக்கும் நடுவுல வயரே இல்லாத மாதிரி போடுங்க, அப்போதான் முழு பலன்.

நிரூபிக்கறது எப்படின்னா, சேசிஸை வெளிய எடுத்து, ஸ்பீக்கரை மாட்டி, ஆன் பண்ணி விசில் வர்ற இடத்துல வால்யூமை விட்டுட்டு, மூங்கில் குச்சியால அந்த இன்புட் வயரை லேசா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தள்ளுங்க. சுருதி மாறினாலோ நின்னாலோ ஆளு மாட்டிக்கிட்டான். அதே மாதிரி வால்யூம் பாட்டுக்கு போற வர்ற வயர், டோன் கண்ட்ரோல் வயர், ப்ளேட் வயர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா. ப்ளேட் வயரும் கிரிட் வயரும் குறுக்க வெட்டிக்கிட்டா பரவால்ல, இணையா ஓடக்கூடாது. இன்புட் வயருக்கு மெல்லிய ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில மட்டும், ஜாக் பக்கம் எர்த் பண்ணுங்க. ட்யூப் பக்கம் ஷீல்டு இழை ஒண்ணு நீட்டிட்டு இருந்து கிரிட் கால்ல பட்டா சத்தமே வராது, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிடுங்க. சேசிஸ் வெளிய இருக்கும்போது விசில் இருந்து, பெட்டிக்குள்ள போட்டா போயிடுதுன்னா வேற ஒரு விஷயம்: பெட்டி மரத்துல சேசிஸை மூடற இடத்துல ஒரு அலுமினிய தகடோ ஃபாயிலோ ஒட்டியிருப்பாங்க, அது இல்லாம திறந்து கிடக்கிறதால வந்த கூவல் அது, உங்க உண்மையான பிரச்சனை இல்லாம இருக்கலாம். வெளிய அமைதி, பெட்டிக்குள்ள கூவல்னா நேர் எதிர், மைக்ரோஃபோனிக் பக்கம் திரும்பணும்.

வயர்ல ஒண்ணும் கிடைக்கலைன்னா ட்யூபை கழட்டி கழட்டி வெட்டற முறை இருக்கு. ஆஃப் பண்ணி ஆறவிட்டு வி1-ஐ எடுங்க, மறுபடி ஆன். விசில் போனா சுத்து வி1 வழியா போகுது, போகலைன்னா வி1-க்கு அப்புறம்தான் எல்லாம் நடக்குது, அடுத்ததை எடுங்க. ரெண்டு சேனல் ஆம்ப்ல நீங்க வாசிக்கிற சேனலோட ட்யூப் வி1-ஆ இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ரிவெர்ப் உள்ள பல ஆம்ப்ல அது வி2, பின்னாடி ஒட்டியிருக்கிற ட்யூப் சார்ட்டை பாத்துக்கோங்க. சின்ன ட்யூபை எடுத்துட்டு ஓட்டறதுல பொதுவா ஆபத்து இல்ல, ஆனா சில ஆம்ப்ல ஹீட்டர் சீரிஸ்ல இருக்கும், ஒண்ணை எடுத்தா பக்கத்து ட்யூபும் அணைஞ்சிடும், அப்போ இந்த டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது. பவர் ட்யூப்ல ஒத்தையா ஒண்ணை மட்டும் எடுத்து விளையாட வேண்டாம்.

ரிவெர்ப் இருக்கிறதால அதையும் ஒரு நிமிஷத்துல தள்ளி வெச்சிடலாம். ரிவெர்ப் டேங்க்ல (அந்த ஸ்ப்ரிங் இருக்கிற பெட்டி) இருந்து திரும்பி வர்ற ஆர்சிஏ கேபிளை புடுங்குங்க, கூவல் நின்னா டேங்க்தான். ஆனா டேங்க் கூவல் விசில் மாதிரி இருக்காது, அடி வயித்துல இருந்து வர்ற ஊளை மாதிரி, ரிவெர்ப் நாபை ஏத்தினாத்தான் வரும். டேங்கை அதோட பைக்குள்ள போட்டு, அட்டை வெச்சு, பெட்டி மரத்துல நேரா முட்டாம மாட்டினா போதும்.

ஃபில்டர் கெப்பாசிட்டர் பத்தி யாராவது சொல்லுவாங்க, சொல்லத்தான் செய்வாங்க. அது காஞ்சு போனா எல்லா ஸ்டேஜும் ஒரே ஹை வோல்டேஜ் லைன் வழியா ஒண்ணோட ஒண்ணு பேசிக்க ஆரம்பிக்கும், அதோட தனி அடையாளம் "டப் டப் டப்"னு மோட்டார் படகு போற மாதிரி சத்தம், கூடவே ஹம். இருபது வருஷம் தாண்டின எலக்ட்ரோலிட்டிக்னா எப்படியும் மாத்தலாம், தப்பில்ல. ஆனா ஹம் இல்லாம, டப் டப் இல்லாம, நாபுல ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் வர்ற உங்க விசிலுக்கு அது காரணமா இருக்கும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். இருக்கவே இருக்காதுன்னும் சொல்ல முடியாது.

மிச்சம் இருக்கிறது நெகட்டிவ் ஃபீட்பேக். பேரு கேட்டு குழம்பிடாதீங்க, நம்ம ஊர் வார்த்தையில பின்னூட்டம்னு சொன்னா இன்னும் குழப்பம், எதிர்மறை பின்னூட்டம்னா யாரோ திட்டி கமெண்ட் போட்ட மாதிரி இருக்கும். இங்க அது நல்ல விஷயம். அவுட்புட்ல இருந்து கொஞ்சம் சிக்னலை எடுத்து தலைகீழா ஃபேஸ் இன்வெர்டருக்கு திருப்பி குடுத்து பவர் ஆம்ப்பை அடக்கி வெக்கிறது, 1927-ல பெல் லேப்ஸ்ல வேலை பாத்த ஹரோல்ட் பிளாக் ஆஃபிஸுக்கு படகுல போகும்போது தோணி கையில இருந்த நியூஸ் பேப்பர்லயே வரைஞ்சு வெச்ச ஐடியா. இதுல அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை மாத்தும்போது ப்ரைமரி வயர் ரெண்டும் இடம் மாறிட்டா தலைகீழா வர வேண்டியது நேரா வந்துடும், வேலியே பயிரை மேஞ்ச கதை. நானே ஒரு தடவை அப்படி மாட்டி ஆன் பண்ணினேன், வால்யூம் ஜீரோல இருக்கும்போதே சைரன் மாதிரி அலறிச்சு, ஸ்டான்ட்பை ஸ்விட்சை தேடறதுக்குள்ள கை நடுங்கிடுச்சு. பவர் ட்யூப் ப்ளேட்டுக்கு போற அந்த ரெண்டு வயரை இடம் மாத்தினா சரியாயிடும். நீங்க ட்ரான்ஸ்ஃபார்மரை தொடலை, உங்களுக்கு வால்யூமோட சேந்துதான் வருது, அதனால இது இல்லைன்னு தைரியமா சொல்லுவேன். பிரெசென்ஸ் நாப் இருந்து அதை முழுசா வெச்சா மட்டும் கீச்சுன்னா அப்போ இந்தப் பக்கம் திரும்பி பாக்கலாம். வாக்ஸ் ஏசி30 மாதிரி சில ஆம்ப்ல இந்த சுத்தே கிடையாது, அங்க தேடி அலைய வேண்டாம்.

காதுக்கே கேக்காத கூவலும் உண்டு, அதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. அல்ட்ராசோனிக்ல ஆம்ப் பாடிட்டு இருக்கும், நமக்கு தெரியறது சத்தம் சன்னமாகி, நோட் அடங்கும்போது பின்னாடி ஒரு சொரசொரப்பு, நாபை ஒரு இடத்துல வெச்சா திடீர்னு வால்யூம் இறங்கறது, இவ்வளவுதான். ஆனா வாசிக்காம சும்மா இருக்கும்போதே பவர் ட்யூப் ப்ளேட் சிவக்க ஆரம்பிக்கும், ரூமை இருட்டாக்கிட்டு பாருங்க, சிவப்பு தெரிஞ்சா உடனே ஆஃப். ப்ளேட் சிவக்க பயாஸ் (வாசிக்காதப்போ பவர் ட்யூப்ல எவ்வளவு கரண்ட் ஓடணும்னு வெக்கிற செட்டிங்) போனதும் காரணமா இருக்கலாம், அதனால சிவந்ததை வெச்சு கூவல்னு முடிவு பண்ண முடியாது, ஸ்கோப் வெச்சாத்தான் உறுதி. பவர் ட்யூப் கிரிட்லயும் இதுக்குன்னு ஒரு ஸ்டாப்பர் ரெசிஸ்டர் இருக்கும், ஃபெண்டர்ல 1.5 கிலோ ஓம், மார்ஷல்ல 5.6 கிலோ ஓம் வழக்கம், சாக்கெட் காலை ஒட்டியே இருக்கணும்.

நான் உங்க ஆம்ப்பை கண்ணால பாக்கல, நீங்க எழுதின அஞ்சு வரிதான் கையில இருக்கு. அதை வெச்சு சொல்றதுன்னா, சுத்து கரண்ட் வழி, முன் பக்க ஸ்டேஜ்ல இருக்குங்கிறதுல எனக்கு பெருசா சந்தேகம் இல்ல, அது இன்புட் ஜாக் வயர்தான்கிறது ஒரு பலமான ஊகம், அவ்வளவே. நட்டை டைட் பண்ணி, கேபிளை கழட்டி ஒரு தடவை, ஸ்பீக்கரை தள்ளி வெச்சு ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் குச்சியை எடுங்க. ஜாக் பக்கம் ஒரு போட்டோ எடுத்து போட்டீங்கன்னா 68 கிலோ ஓம் இருக்கா, வயர் எப்படி போகுதுன்னு நானும் பாக்கறேன், போட்டோவுல பழைய ஜாக்கும் இருந்தா நல்லது, அதுல எத்தனை கால்னு தெரிஞ்சா ஸ்விட்ச் காண்டாக்ட் விட்டுப்போச்சான்னு சொல்லிடலாம்.

அப்புறம், கழட்டின அந்த எட்டு பழைய ட்யூபை தூக்கி போட்டுடலையே? நீங்க சொன்னதுல அதுங்க கெட்டுப்போச்சுங்கிறதுக்கு ஒரு அடையாளமும் இல்ல. சின்னது ஆறையும் எந்த இடத்துல இருந்து எடுத்தீங்கன்னு எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க, விசில் போனதுக்கு அப்புறம் ஒண்ணொண்ணா போட்டு தட்டி பாத்துட்டு நல்லதை ஸ்பேரா வெச்சுக்கலாம், மணி அடிக்கிறது ஏதாவது இருந்தா அது ட்ரெமொலோ (சத்தத்தை ஏத்தி இறக்கி நடுங்க வெக்கிறது) ஆசிலேட்டர் இடத்துல நிம்மதியா ஓடும். 6எல்6 ரெண்டையும் மட்டும் ஜோடியாவே வெச்சுக்கோங்க, புதுசு போட்டப்போ பயாஸ் பாக்கலைன்னா அதை இப்போ பாத்துடுங்க.